முப்பத்தோராவது நொடி

சோஹார் துறைமுகத்தில் இரவு இரண்டே கால்.
கிரேன் கேட்கிறது, இந்தப் பெட்டி எங்கே?
சர்வர் பதில் சொல்லத்தான் செய்கிறது.
கிரேன் பெட்டியோடு அந்தரத்தில் நிற்கிறது.

ஹமூத் போனில் அதட்டுகிறான்.
கண் எரிய லாக்கை உருட்டுகிறேன்.
முப்பது நொடி பொறுக்கும் கிரேன்,
பிறகு காதைப் பொத்திக்கொண்டு
புது எண் போட்டு அதே கேள்வியைக் கேட்கும்.
பதில் வருவதோ முப்பத்தோராவது நொடியில்,
பழைய எண்ணைத் தேடிக்கொண்டு.

கேட்கக் கேட்கக் கூட்டம்.
கூட்டத்தால் தாமதம்.
தாமதமென்று மறுபடி கேள்வி.

தங்கை கல்யாணத்துக்கு மாசியில் லீவு கேட்டேன்.
ஆனியில் மெயில் வந்தது, அனுமதி உண்டு என்று.
அவளுக்கு அப்போது மசக்கை.

திரும்பக் கேட்பதானால்
பழைய எண்ணிலேயே கேள்
என்று நாலு வரி எழுதி ஏற்றினேன்.
பொறுமையை நாற்பத்தைந்தாக்கினேன்.
மூன்று மணிக்குப் பெட்டி இறங்கியது.
ஹமூத் நன்றி சொல்லவில்லை, போனை வைத்துவிட்டான்.

க்யூவில் கிடக்கும்
நாலாயிரத்துச் சொச்சம் அநாதைப் பதில்களை
இனி அழிக்க வேண்டும்.
அழிக்குமுன் ஒன்றைத் திறந்தேன்:

ஏழாம் வரிசை, மூன்றாம் அடுக்கு.
இடம் காலி.