பெட்டைக் குரல்

ரோந்தில், கோரைக்குள் கிடந்தது.
உள்ளங்கை நீளம், கறுப்பு பிளாஸ்டிக்,
உள்ளே மெல்லிய ஒரு நாக்கு.
ரேஞ்சர் பதிவேட்டில் எழுதினார்:
"ஊதல் ஒன்று. உரிமையாளர் தெரியவில்லை."
பிறகு என்னிடமே நீட்டினார்.
"ஊதிப் பாரு, குமுதவல்லி.
எதைக் கேட்டு வாத்து ஏமாறுதுன்னு
நமக்கும் தெரியணும்ல."

ஊசுட்டேரியின் தினக்கூலிக் காவலில்
இப்படியும் ஒரு வேலை.

முதல் நாள் கன்னம் உப்ப ஊதினேன்.
தாயைத் தொலைத்த கன்றுக்குட்டி வந்தது.
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊதினால்
வெளியே தேவநாதன்,
"குழாய்ல காத்து அடைச்சிருக்கு போல" என்று
மாடிக்கு ஏறித் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார்.

கன்னத்தில் இல்லை காற்று.
அடிவயிற்றில் இருக்கிறது.
மூக்குக்கண்ணாடி துடைக்க
ஹா என்று ஆவி விடுவோமே, அந்தக் காற்று.
விட்டதை நாக்கால் வெட்ட வேண்டும்.
வெட்டாவிட்டால் அழுகை,
வெட்டினால் வாத்து.
இதற்குப் பதினேழு நாள் ஆனது எனக்கு.

விடியலில் கரையில் உட்கார்ந்து
புள்ளிமூக்கு வாத்தைக் கேட்டேன்.
ஆணுக்கு ஒரு கரகரப்புதான்.
ஏரி முழுக்கக் கேட்பது பெட்டை.
ஐந்து சொல் சொல்லும்.
முதல் சொல் உரக்க,
மற்றவை படியிறங்கி,
ஐந்தாவது, கடைசிப் படியில் கால் வைக்காமலே நின்றுவிடும்.
பிறகு பேச்சில்லை. மேய்ச்சல்.

நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன்.
வட்டமிட்டு வந்த கூட்டம்
வட்டத்தை அகலமாக்கி அகலமாக்கி
பாகூர்ப் பக்கம் போய்விட்டது.

வால் தெரிந்தால் கூப்பிடு.
அலகு தெரிந்தால் வாயை மூடு.
ரோந்து நோட்டின் பின்னட்டையில் எழுதிவைத்தேன்.

அடுத்த வாரம் ஏழு இறங்கின.
கால் விரித்து, நீரைக் கீறி, பத்தடித் தூரத்தில்.
ஒன்று மட்டும் என் கோரையைச் சுற்றிச் சுற்றி வந்தது.
கூப்பிட்டவள் எங்கே?
என் மடியில் துப்பாக்கி இல்லை,
ஒரு பிடி நெல்லும் இல்லை.
விருந்துக்கு ஆள் சொல்லிவிட்டு
உலை வைக்காதவள் போல
முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டேன்.

மார்கழி எட்டு. விடிய இன்னும் நேரமிருந்தது.
பனியில் கரை தெரியவில்லை,
கரையில் நிறுத்திய என் வண்டியும் தெரியவில்லை.
ஐந்து சொல் சொன்னேன்.
தெற்கிலிருந்து ஐந்து சொல் வந்தது.
உடம்பு சிலிர்த்தது. மறுபடி சொன்னேன்.
மறுபடி வந்தது, கொஞ்சம் கிட்டத்தில்.
நான் நிறுத்தினேன்.
அது நிறுத்தவில்லை.
ஐந்து முடிந்து இன்னொரு ஐந்து,
அது முடியுமுன் இன்னொன்று.
ஒரு வாய் பாசிகூட மேயாமல்
பேசிக்கொண்டே இருக்கிற வாத்து.

ஓ.
நீயும் கன்னத்தில்தான் ஊதுகிறாயா.

சேற்றிலிருந்து கால் பிடுங்கும் சத்தம்.
ஒன்று. நின்று. இன்னொன்று.
மேய்கிற குரலுக்கு மாறினேன்,
டிக்கு, டிக்கு, டிக்கு,
வயிறு நிறைந்த,
பயம் அறியாத,
பக்கத்தில் இடமிருக்கிற ஒருத்தியின் குரல்.
பனிக்குள்ளிருந்து இரும்பு அலகு நீண்டது.
வாயை மூடிக்கொண்டேன்.

டார்ச் அடித்தேன்.
இடுப்பளவு நீரில் ஏர்கன்னோடு நின்றான்.
கழுத்தில் சேதராப்பட்டுக் கம்பெனி அடையாள அட்டை,
நைட் ஷிப்ட் சட்டையோடு நேராக வந்திருக்கிறான்.
படத்தில் சிரித்தான்.
நேரில், "அக்கா, நெஜமாவே வாத்துன்னு நெனச்சேன்" என்றான்.

இதைவிட நல்ல சான்றிதழ்
யாரும் எனக்குத் தந்ததில்லை.
வாங்கிக்கொண்டேன்,
அவன் ஊதலையும் சேர்த்து.

ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு வில்லியனூர்ப் பக்கம் திரும்பியது.
பனி கலையவில்லை.
வடக்கே ஒரு குரல்.
ஐந்து சொல்.
இறங்கி, இறங்கி,
கடைசிப் படியில் கால் வைக்காமல்.
பிறகு மௌனம்.

சரியாகத்தான் இருக்கிறது.
ரொம்பவே சரியாக இருக்கிறது.

செருப்பைக் கழற்றிக்
கையில் எடுத்துக்கொண்டேன்.