குறி வெளியே நிற்கட்டும்

இந்தக் கால்குலேட்டரில் கழித்தல் இரண்டு.
ஒன்று கூட்டலுக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரிந்தது.
மற்றது அடைப்புக்குறிக்குள் சிறு கோடாக
இடப்பக்கம் ஒதுங்கிக் கிடக்கும்.
இருப்பதிலிருந்து எடுப்பது வேறு,
குறையாகவே பிறந்தது வேறு.

காரங்காட்டுக்குத் தெற்கே
உப்பங்கழியை ஒட்டி எட்டு இறால் குட்டைகள்.
நாலாம் குட்டையை எனக்குப் பிடிக்காது.
நேற்றுச் சாயங்காலம் எட்டு புள்ளி மூன்று.
விடியுமுன் நாலரைக்கு
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு பார்த்தால்
ஏழு புள்ளி ஆறு.

"புள்ளி ஏழுதானே ஜெனோவா,
அதுக்கா காலங்காத்தால போனு"
என்கிறார் சீனி நெய்னா.
புள்ளிக்குப் பின்னால் வருவதை
பில்லில்கூடப் படிக்காதவர்.
"பைசாவே செல்லாமப் போயி எத்தன வருசம்."

கம்பெனிப் படிவத்தில் சராசரிக்கு ஒரு கட்டம்.
அவர் வாயாலேயே போட்டுவிட்டார்:
ரெண்டையும் கூட்டு, பாதியாக்கு,
ஏழு புள்ளி ஒன்பது ஐந்து.
நல்ல தண்ணி. எழுதிக்க.

நான் எழுதவில்லை.
ஷிஃப்ட், லாக், கழித்தல், எட்டு புள்ளி மூன்று.
ஷிஃப்ட், லாக், கழித்தல், ஏழு புள்ளி ஆறு.
சாயங்காலத் தண்ணீரில் அமிலம் ஒரு பங்கென்றால்
விடியல் தண்ணீரில் ஐந்து.
புள்ளிக்குப் பின் ஏழெட்டுப் பூச்சியம் தாண்டி
ஒளிந்திருக்கும் எண்கள்.
கூட்டுவதானால் அங்கே போய்த்தான் கூட்ட வேண்டும்,
பாதியாக்குவதும் அங்கேதான்.
பிறகு லாக்.
கழித்தல் ஏழு புள்ளி எட்டு இரண்டு என்று வருகிறது.
அதற்கு முன்னால் இன்னொரு கழித்தல்:
ஏழு புள்ளி எட்டு இரண்டு.

நடுவில் விழவில்லை.
நாலரை மணிப் பக்கமாகச் சாய்ந்து விழுந்திருக்கிறது.

போன மாதம் ஓர் இரவு,
ஏரேட்டர் இரைச்சலில் தூக்கம் வராமல்
என் முன்பணக் கடனைத் தட்டினேன்.
லாக், கழித்தல், பதினெட்டாயிரம்.
மேத் எரர்.
எத்தனை பூச்சியத்துக்குப் பின்னால் இருந்தாலும்
இருப்பதற்குத்தான் லாக்.
இல்லாததற்குக் கிடையாது, கடனுக்குக் கிடையாது.
குறி வாசலில் நிற்கலாம்,
அடுக்கில் ஏறி உட்காரலாம்,
எண்ணின் தலைமேல் மட்டும் ஏறக்கூடாது.
சாத்தையாவிடம் சொன்னேன்.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டே
"வட்டிக்காரன்கிட்ட இந்த மிஷினக் காட்டு,
எரர்னு சொல்லுதுன்னு சொல்லிப் பாரு" என்றான்.

முதலாளி கண்ணாடி கொண்டுவரவில்லை.
கால்குலேட்டரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து
வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார்.
"தீவன மூட்டை அஞ்சு மடங்கு ஏறுனா
புள்ளி ஏழுதானேன்னு சொல்வீங்களா?"
கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.
அவர் குட்டையைப் பார்த்தார்.
ஓரத்தில் இரண்டு இறால், வெளுத்து,
மேலே வரத் தெரியாதவை மேலே வந்திருந்தன.
"அஞ்சு மடங்கா?"
"அஞ்சு மடங்கு."
"சுண்ணாம்பு எத்தன மூட்ட?"
மூன்று என்றேன். இரண்டுக்குப் பணம் எண்ணினார்.

படிவத்தில் ஏழு புள்ளி எட்டு இரண்டு என்று எழுதி வைத்தேன்.
கையெழுத்து இன்னும் ஆகவில்லை,
மேசையில் கண்ணாடிக் குடுவைக்கு அடியில்
வாடைக்காற்றில் ஒரு முனை மட்டும் படபடக்கிறது.
பத்து மணிக்கு மேல் நானும் சாத்தையாவும்
இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு மூட்டையைக் கரைத்தோம்.
தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளை.

நாளைக்கும் நாலரைதான்.
இந்தக் கால்குலேட்டரில் ஏழை மட்டும்
நகத்தால் அழுத்த வேண்டியிருக்கிறது,
உள்ளே உப்பு ஏறிவிட்டது.
எட்டு பரவாயில்லை.
தொட்டாலே இறங்கும்.