மற்றவை

நிறுவியாகிவிட்டது.
கறுப்புத் திரையின் கடைசி வரி அப்படித்தான் சொன்னது,
கொஞ்சம் அலட்சியமாக.

மெனுவைத் திறந்தேன். இல்லை.
மூடித் திறந்தேன். இல்லை.
ஈஸாஃபியோர்துர் துறைமுகம், எடைமேடை அறை,
அதிகாலை மூன்றே முக்கால்.
வெளியே காட் மீன் தொட்டிகள்
ஆவி விட்டுக்கொண்டு வரிசையில் நிற்கின்றன.
என் நிரலோ
வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு
தட்டினால் குரல் கொடுக்காத ஆள்.

முழுப் பாதையையும் சொல்லிக் கூப்பிட்டால்
எழுந்து வருகிறது.
ஓதத்தின் உயரம், அடுத்த ஏற்றம் எத்தனை மணிக்கு,
ஒரு சென்டிமீட்டர் பிசகில்லை.
ஆனால் பகல்முறைக்கு வரும் தக்ரூனுக்கு
டெர்மினல் என்றாலே ஆகாது.
மெனுவில் இல்லாதது அவளுக்கு
லினக்ஸிலேயே இல்லை.

சரி, ஒரு கோப்பு எழுத வேண்டும்.
ஏழெட்டு வரி.
இன்ன வகை என்று ஒரு வரி.
பெயர்: ஓதம்.
எங்கே இருக்கிறது, எப்படி எழுப்புவது:
வேரிலிருந்து ஒவ்வொரு சாய்கோடாக இறங்கி.
ஐகானுக்கு அலைப்படம் தேடினேன், அகப்படவில்லை.
தராசின்மேல் தூங்கும் பூனையைப்
போனில் எடுத்தது இருந்தது. அதைப் போட்டேன்.
முகமும் வரியும் சேர்ந்தால்தானே
முகவரி.

சேமிக்க வேண்டிய இடம்
புள்ளியில் தொடங்கும் ஓர் அடைவுக்குள்.
முன்னால் புள்ளி வைத்தால் கண்ணுக்குத் தெரியாது,
இங்கே அதுதான் சட்டம்.
ழெலிஸ்வாவ் என்ற என் பெயரில்
முதலெழுத்தின் தலைமேல் ஒரு புள்ளி உண்டு.
ஒன்பது வருடமாகச் சம்பளப் பட்டியலில் அது கிடையாது.
புள்ளி இல்லாமலும்
கண்ணுக்குத் தெரியாமல் இருக்க முடிகிறது.

மெனுவைத் திறந்தேன். இல்லை.

வரி வரியாக விரல் வைத்துப் படித்தேன்.
எக்ஸெக்கின் முதலெழுத்து பெரிதாக இருக்க வேண்டுமாம்,
நான் சின்னதாக எழுதியிருக்கிறேன்.
இவ்வளவுதானா?
இவ்வளவுதான்.

திருத்தினேன். வந்தது,
அலுவலகம், இணையம், விளையாட்டு எல்லாவற்றையும் தாண்டி
கடைசியில்
'மற்றவை' என்ற பெட்டிக்குள் தனியாக,
பூனை முகத்தோடு.
எந்தப் பிரிவு என்று நான் சொல்ல மறந்தது.

அந்தச் சொல் எனக்குப் பழக்கம்தான்.
வந்த புதிதில் ஒரு படிவம்:
மாலுமி, மீனவர், அலுவலர், மற்றவை.
நான்காவது கட்டத்தில் டிக் போட்டபோது
பேனா தீர்ந்துபோய், அழுத்தி அழுத்தி
தாள் கிழிந்தது.

ஓதத்தை எங்கே வைப்பது?
அறிவியலிலா, கருவிகளிலா?
யோசிப்பதற்குள்
'ஸ்னைஃப்ரீதுர்' படகு வந்து அணைந்தது.
பதினொரு தொட்டி. எடை போடப் போய்விட்டேன்.

ஏழு மணிக்குத் தக்ரூன்,
காலணியில் ஒட்டிய பனியை உதறியபடி.
நான் வாயைத் திறப்பதற்குள்
இரண்டே கிளிக்கில் ஓதம் திறந்திருந்தது.
எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன்.
"எனக்கு வேண்டியது என்றைக்கும்
மற்றவையில்தான் கிடக்கும், அங்கேதான் முதலில் பார்ப்பேன்,"
என்றவள், திரையை ஒருமுறை உற்றுப் பார்த்துக் கேட்டாள்:

"பூனைக்கு எப்போது
ஓதம் என்று பேர் வைத்தாய்?"