அசலும் வட்டியும்

ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பத்தி இப்படிச் சொல்கிறது:
வண்டி வந்தபோது மீட்டரில் இருந்த எண்
போகும்போதும் அதுவேயாக இருக்க வேண்டும்.
அறுபத்தோராயிரத்து இருநூற்றெட்டு.

ஆல்டென்ரீத்துக்குப் பாசெலில் ஒரு நிலவறை உண்டு.
வருடம் முழுக்கப் பதினெட்டு டிகிரி.
பெட்ரோல் வாசனையே இல்லாமல்
பதினோரு கார்கள் அங்கே நிற்கின்றன.
இது பன்னிரண்டாவது.
ஐம்பத்தேழாம் வருடத்து ரோட்ஸ்டர், வெள்ளிச் சாம்பல் நிறம்,
இருக்கை இரண்டே இரண்டு,
கூரை என்பது கொஞ்சம் துணி, மிச்சம் நம்பிக்கை.

எல்பே நதியோரம்
முன்பு ஆப்பிள் குளிர்கிடங்காக இருந்த பட்டறை எங்களுடையது.
இரண்டு வருடம் நான்கு மாதம் வேலை.
தரைத்தகடு பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது.
கார்புரேட்டருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது.
எஞ்சின் ஹின்னெர்க்கின் பாடு, தோல் என் பாடு.
சிவப்புத் தோல், அங்குலத்துக்கு ஏழு தையல்.

பழைய இருக்கையைக் கிழித்தேன்.
வைக்கோல் வந்தது.
அப்புறம் ஒரு கைப்பிடி வெள்ளை மயிர், சுருள் சுருளாக.
முதல் சொந்தக்காரி ஹேட்விக் டெஷ் கால்நடை மருத்துவராம்.
தாயை இழந்த ஆட்டுக்குட்டிகளைப்
பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து
நூற்றிருபதில் போவாளாம்.
படம் எடுத்து பாசெலுக்கு அனுப்பினேன்.
ஒரே வரியில் பதில்: அசல் அல்ல, அகற்றவும்.

எஞ்சின் இருமி, துப்பி,
பிறகு ஒரே சீராகப் பேச ஆரம்பித்தது ஒரு வியாழக்கிழமை.
ஹின்னெர்க் ஏறிக் கதவைச் சாத்தினான்.
அவ்வளவுதான் நான் பார்த்தது.
படகுத்துறைக்கு மூன்று கிலோமீட்டர், திரும்ப மூன்று.
இறங்கும்போது அவன் கண் கலங்கியிருந்தது.
காற்று, என்றான்.
மீட்டரில் இருநூற்றுப் பதினான்கு.

கேபிளைக் கழற்றி டிரில்லில் மாட்டி
எதிர்ப்பக்கம் சுற்று, ஐந்து நிமிஷ வேலை, என்றேன்.
மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
ஓடி வாங்கின கடன். ஓடித்தான் அடைக்கணும்.

ஆகவே இரவு பதினொன்றரை மணிக்கு
ரிவர்ஸ் கியரில் கிளம்பினோம்.
செருப்பைக் கழற்றிவிட்டு
என் தையல் மேலேயே மண்டியிட்டு, பின்பக்கம் பார்த்து,
டார்ச் அடித்து வழி சொன்னேன்:
இடது. இன்னும் இடது. பள்ளம். நேரே.
முன்விளக்குகள் இரண்டும்
நாங்கள் விட்டுவந்த சாலைக்கே வெளிச்சம் காட்டின.
கியர் ஊளையிட்டது.
கரைமேட்டில் படுத்திருந்த ஆடுகள் எழுந்து நின்று
மனிதர்கள் இப்படியும் போவார்களா என்று பார்த்தன.

பதின்மூன்று. பன்னிரண்டு.
படகுத்துறையில் வளைத்துத் திருப்பி, மறுபடியும் பின்னால்.
இப்படியே போய்க்கொண்டிருந்தால், என்று நினைத்தேன்,
விடிவதற்குள் அல்ல, ஒரு பத்து வருடத்துக்குள்
பக்கத்து இருக்கையில் ஒரு குட்டி கத்தும்.
கழுத்து வலித்தது. நினைப்பை விட்டுவிட்டேன்.

இருநூற்றெட்டு.
பட்டறை வாசல் வந்தது.
ஹின்னெர்க் நிறுத்தவில்லை.
வாசல் எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்ததுபோலக் கடந்து
விளக்கு வெளிச்சத்தில் சிறுத்துப்போனது.
தூக்கமா, திட்டமா, நான் கேட்கவில்லை.
ஆப்பிள் தோட்டங்கள் முடியுமிடத்தில் பிரேக் போட்டான்.
இருநூற்றேழு.

அடடா, என்றான், கொஞ்சமும் வருத்தமில்லாமல்.
அசலைக் கொடுத்தோம், வட்டியும் கொடுத்துவிட்டோம்.
இப்போது அவன்தான் நமக்கு ஒரு கிலோமீட்டர் தரணும்.

நான் திரும்பி, முதல் முறையாக முன்னே பார்த்து உட்கார்ந்தேன்.
முதல் கியர். இரண்டு. மூன்று.
மரங்கள் ஒன்றாகிவிட்டன.
நாக்கு உலர்ந்தது, முடி வாய்க்குள் போனது,
ஆறும் பூச்சிகளும் இரவும் முகத்தில் அடித்தன.
நான் கத்தினேன் என்று ஹின்னெர்க் சொல்கிறான்.
எனக்கு ஞாபகம் இல்லை.
நான்காவது கியர் போடும்போதே வாசல்.

மறுநாள் ஆல்டென்ரீத் வெள்ளைக் கையுறையோடு வந்தார்.
எண்ணை இரண்டு முறை வாசித்தார்.
தையலை எண்ணினார்.
கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர்
முன் கிரில்லருகே குனிந்து
எதையோ நுனிவிரலால் எடுத்துக் காட்டினார்.
ஒரு அந்துப்பூச்சி, பாதி இறக்கையோடு.
இது?

ஹின்னெர்க் யோசிக்கவே இல்லை.
அசல், என்றான்.