பலகையில் 22

போன வருடத்துத் தினசரிக் காலண்டரில்
ராகு காலம், எமகண்டம், பல்லி விழும் பலன்
எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு
எண்ணை மட்டும் எடுத்துக்
கொட்டாங்குச்சிகளில் ஒட்டினேன், பத்து வரை.
நாலு மட்டும் ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு.
மற்றதெல்லாம் கறுப்பு.

புளியங்கொட்டை தந்தது பரிமளா.
பென்னாகரத்து மண்டிக்குப் புளி தட்டுகிறவள்.
காசு வேண்டாம் டீச்சர்,
பையனுக்குக் கணக்கு வந்தால் போதும் என்றாள்.

பையன் லோகித் நூறு வரை மூச்சுவிடாமல் சொல்வான்.
மூணு கொட்டை கொடுடா என்றால்
கை கொள்ளாமல் அள்ளித் தருவான்,
கூடவே ஒரு சிரிப்பும்.
அவனுக்கு மூணு என்பது
ரெண்டுக்குப் பின்னால் வருகிற ஒரு சத்தம்.
ஒன்று போட்டு, நிறுத்தி, ஒன்று போட்டு, நிறுத்தி,
போதும் என்று தானாகக் கையை மூட
பதினோரு நாளானது.

சஷ்மிதாவுக்கு வேறு தகராறு.
ஒன்பது ஒட்டிய கொட்டாங்குச்சி
உருண்டு தலைகீழாய் நின்றால் ஆறு.
உள்ளே இருந்த மூணை
யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அழுகை.
தரையில் கொட்டி எண்ணிக் காட்டினேன்.
ஒன்பதேதான்.
எண் கவிழும், கொட்டை கவிழாது
என்று நானே அன்றுதான் பார்த்தேன்.

ஏரியூரிலிருந்து ஏழாம் நம்பர் பஸ் வந்து நின்றபோது
ருத்ரேஷ் சன்னலுக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்தான்.
"ஒண்ணுதான் வந்திருக்கு டீச்சர். மீதி ஆறு?"
அது பேரு மாதிரிடா கண்ணு என்றேன்.
எண்ணாக இருந்துகொண்டு
எதையும் எண்ணாமல் இருப்பது எப்படி என்று
அவன் முகம் கேட்டது.
பஸ் போய்விட்டது.

அப்புறம் ஒரு முட்டை நாள்.
விளக்குமாற்றுக் குச்சியைப் பத்துப் பத்தாகக்
கட்டு கட்டியிருந்தோம் அதற்கு முந்தின வாரம்.
சஷ்மிதா பலகையைப் பார்த்தாள்.
வருகை: 22, என் கையெழுத்து.
"ரெண்டு கட்டு, ரெண்டு உதிரி" என்றாள்.
என்னிடம் எண்ணி வாங்கிக்கொண்டு
ஒவ்வொரு பிள்ளை முன்னாலும் ஒன்று வைத்துப் போனாள்,
தூங்கிக்கொண்டிருந்த பிரணவ் முன்னாலும் ஒன்று.
கையில் ஏழு மிச்சம்.
உனக்கு? என்றேன்.
தன் மடியில் ஒன்று போட்டாள்.
ஆறு.

"இதெல்லாம் யாருக்கு டீச்சர்?"

பொங்கல் முடிந்து பெங்களூர் போனவர்களுக்கு.
சாரம் கட்டுகிற அப்பாவோடு,
செங்கல் தூக்குகிற அம்மாவோடு,
எந்த மாடியின் எந்த மணல் மேட்டிலோ
விளையாடிக்கொண்டிருப்பவர்களுக்கு.
பேரை எடுத்தால் எண் குறையும்,
எண் குறைந்தால் இந்த மையத்தைப்
பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள்,
இந்தப் பதினாறும் ரோடு தாண்டி நடக்கும்.
இது பாதி உண்மை.

மிச்ச முட்டை ஆறு.
மூணு என் வீட்டுக் குழம்பில்,
மூணு சமைக்கிற சின்னத்தாயி வீட்டில்.
மூணும் மூணும் ஆறு.
அந்தக் கணக்கு மட்டும் எப்போதும் சரியாக வந்தது.

அவளுக்கு நான் இதையெல்லாம் சொல்லவில்லை.
பேரை மட்டும் சொன்னேன்:
மாதேஷ், தீக்ஷனா, கவியரசு,
ரெட்டைப் பிள்ளைகள் ரெண்டு,
பேச்சு வராத சென்னம்மா.
ஒவ்வொரு பேருக்கும் ஒரு கொட்டையை
ஆறாம் கொட்டாங்குச்சியில் போட்டாள்.
இந்தத் தடவை அது உருளாமல்
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

சாயங்காலம் போனில்
வருகைக்கான கட்டம் காலியாக மினுங்கியது.
ஒன்று அழுத்தினேன். ஆறு அழுத்தினேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த ஆறை மட்டும் கவிழ்த்தால் பத்தொன்பது.
யோசிக்காமல் இல்லை.