கொசுறு

பகலெல்லாம் நான்தான் ஓட்டுகிறேன்.
செரோ குன்றிலிருந்து பழைய நகரம்வரை
நாற்பத்தேழு நிறுத்தங்கள்.
ஒன்றையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை என்றாலும்
பிரேக் என் காலடியில்.

செவ்வாய் இரவுகளில் மட்டும்
கோயெஸ் வட்டாரத்துக் கூடைப்பந்து மன்றத்தில்
கண்மூடிப் பின்னோக்கி நடக்கிறேன்,
யாரோ ஒருவரின் நெஞ்செலும்பு சொல்லும் திசையில்.
டெப்போவில் மிர்த்தா சிரிக்கிறாள்:
"நீயா? இன்னொருவர் ஓட்ட
நீ உட்கார்ந்து வருவதா?"
உட்கார்வதில்லை, மிர்த்தா.
அதுதான் சிக்கல்.

முதல் இரண்டு வருடம்
சொன்ன இடத்தில் கால் வைத்தேன்.
தபால் போடுகிறவள்போல:
முகவரி சரி,
கடிதம் என்னுடையதல்ல.

பிறகு ஒரு நாள் தெல்மீராவைப் பார்த்தேன்.
சுழன்று நின்ற ஒரு கணத்தில்
அவள் செருப்பு நுனி,
மாத்தேக்கு வைத்த தண்ணீர் சுடுகிறதா என்று
விரல் வைத்துப் பார்ப்பதுபோல்
தரையைத் தொட்டு எடுத்துக்கொண்டது.
அவ்வளவுதான்.
எனக்குத் தூக்கம் போயிற்று.

சமையலறையில்
குளிர்பெட்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு
பழகினேன்: குதிகால் தட்டு, ஒரு வட்டம்,
முழங்காலுக்குக் கீழே சின்ன உதை.
கீழ்வீட்டு அல்துனாத்தே
துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.
ஒப்புக்கொள்கிறேன்,
அவர் இடித்ததில்தான் தாளம் இருந்தது.

அடுத்த செவ்வாய்,
ஒரே கல்யாணத்துக்கு
இருக்கிற நகையெல்லாம் பூட்டிக்கொண்டு போனவளாய்
ஆடினேன்.
என்னோடு ஆடியவர் அடுத்த அடிக்கு வந்து நிற்கிறார்,
என் கால் இன்னும் வட்டத்தின் பாதியில்.
வண்டி வந்துவிட்டது,
நானோ சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
போதாததற்கு
பின்னால் வந்த பல்மருத்துவரின் மனைவிக்கு
முழங்கால் கீழே ஒரு நீலத் தழும்பு.
மன்னிப்புக் கேட்டேன். சிரித்தாள்.
பல் தெரியாமல் சிரித்தாள்.

ஞாயிறு, சந்தை.
தக்காளி ஒரு கிலோ.
முள் ஆடி, ஆடி, நிற்கும்வரை
கடைக்காரன் கை கட்டி நின்றான்.
நின்ற பிறகுதான்
பையில் ஒரு கொத்து பார்ஸ்லி செருகினான்.
கொசுறு.
எடை நடக்கும்போது அவன் தட்டைத் தொடவேயில்லை.

பையோடு அங்கேயே நின்றேன்,
மொத்தப் பாரத்தையும் வலக்காலில் இறக்கி.
இடக்கால் யாருடையது?
நடைபாதையில்
ஆள்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வாஷிங்டன் என்பது அவன் பெயர்.
எங்கள் ஊரில் அப்படி வைப்பார்கள், கேட்காதீர்கள்.
மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
இரண்டு மாடிகளுக்கு நடுவே நிற்பது
அவனுக்குப் பயமில்லை.
மழை தகரக் கூரையில் விழுந்த அந்த இரவு
மும்புள்ளிக் கோட்டருகே
என் பாதத்துக்கு முன் தன் பாதத்தை வைத்தான்.
நின்றோம்.
பந்தோனியோன் மூச்சை இழுத்தது.
தாண்டி வா என்றது அவன் நெஞ்சு.
எப்போது என்று சொல்லவில்லை.

வலக்காலில் முழுதும் இறங்கினேன். முள் நின்றது.
இடச்செருப்பின் விளிம்பால்
அவன் கணுக்காலில் ஏறி,
இறங்கி,
ஏழே முக்கால் வண்டியில்
எவருக்கும் நான் தராத ஒரு தாமதம்,
தாண்டினேன்.
அடி விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.

யாரும் பார்க்கவில்லை.
அவன் விலா மட்டும் என் விலாவில்
கொஞ்சம் அகன்றது.

அதே மெட்டு திரும்பி வந்தபோது
அவன் முன்கூட்டியே நின்றான்.
இம்முறை நீளமாக.
பட்டியலில் இல்லாத ஒரு நிறுத்தம்,
எனக்காகத் திறந்த கதவு.
சமையலறையில் பழகியது அனைத்தும்
காலில் வரிசை கட்டி நின்றது.

நான் ஒன்றும் செய்யவில்லை.
சும்மா நின்றேன்,
மழை கேட்டது.
அதையும் வாங்கிக்கொண்டான்.

பாட்டு முடிந்ததும் கேட்டான்:
"இடது காலுறையில் ஓட்டை. தெரிந்ததா?"
"கண் மூடியிருந்தேனே" என்றேன்.
இன்னும் ஏதோ சொல்ல வந்தான்,
அதற்குள் அடுத்தது தொடங்கிவிட்டது.