ஒரே ஆள்

உம்சிண்டோ அலுவலகத்துக்கு
விடிவதற்கு முன்பே கோம்பி பிடித்தோம்.
கரும்பு எரித்த சாம்பல்
ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.
அவள் மடியில் ஒரு பிஸ்கட் டின்:
அடையாளப் புத்தகம், புருஷனின் மரணச் சான்று,
ஆலை கொடுத்த கடைசிச் சம்பளச் சீட்டு,
எல்லாவற்றுக்கும் அடியில்
மடிப்பில் கிழிந்த ஒரு தடுப்பூசி அட்டை.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.

எங்களுக்கு முன்னால் நாற்பத்தாறு பேர்.
எண்ணிவிடுவேன், இந்த வேலையில் வந்த கெட்ட பழக்கம்.
ஆலோசனை நிலையம் தருவது
கோம்பிக் கட்டணத்துக்கே காணாது;
பேனா மட்டும் இலவசம்.
அன்று அதை ஒன்பது பேர் இரவல் வாங்கினார்கள்.
ஒன்பதாவது ஆள் திருப்பித் தரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துலிசிலே.
நல்ல பெண். மூன்று மாதமாக
நல்ல பெண்ணாகவே எங்களைத் திருப்பி அனுப்புகிறாள்.
விரலை வைக்கச் சொன்னாள்.
முப்பத்திரண்டு வருஷம் கரும்பு வெட்டிய கை.
பெருவிரல், இல்லை. ஆள்காட்டி, இல்லை.
ஒவ்வொரு தடவையும் இயந்திரம்
பூனை தும்முவதுபோல ஒரு சத்தம் போட்டது.
கடைசியில் இடது சுண்டுவிரலை ஏற்றுக்கொண்டது.
கத்திப்பிடிக்கு வேண்டாதிருந்த விரல்.

அடுத்தது பெயர்.
அங்கேதான் மூன்று மாதமும் முட்டி நின்றோம்.
கல்யாணப் பதிவில் அங்கம்மா.
அடையாளப் புத்தகத்தில் வேறொருத்தி.

அவள் பிறந்ததை எழுதிய எஸ்டேட் குமாஸ்தாவுக்குக்
காதில் கோளாறு ஒன்றுமில்லை.
அவன் பாஷையில் பங்களாவுக்கே
உகரம்தான் போடுவார்கள்.
அகரம் கேட்டான், உகரம் போட்டான்,
மை ஒற்றினான், சாப்பிடப் போனான்.
அறுபத்தெட்டு வருஷமாக
அரசாங்கத்தின் ஏட்டில் அவள்
உங்கம்மா.

துலிசிலேக்கு அது வெறும் எழுத்து.
திரையைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள்:
"உங்கம்மா! உங்கம்மா படையாச்சி!"
அந்தக் கூடத்தில் தமிழ் தெரிந்தவர்கள்
நான்கு பேர் இருந்திருப்போம்.
வரிசையில் இருந்த ஒரு கிழவர்
சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்.
எண்பதாவது இருக்கும் அவருக்கு.

எனக்கும் ஒரு கணம்.
என் அம்மாவின் மனு ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்தது
அவள் போன பதினோராம் நாள்.
கையெழுத்துப் போட்டு நான்தான் வாங்கினேன்.

இந்தத் தடவை கையில் சத்தியக் கடுதாசி இருந்தது.
'மேற்படி இரு பெயரும் ஒரே ஆள்.'
சாட்சி, பக்கத்து வீட்டு மாக்குமாலோ.
ஸ்டேஷனில் சார்ஜெண்ட் கேட்டதோ
எத்தனை வருஷப் பழக்கம் என்று மட்டும்.
அவள் சொன்னதோ,
"எங்கள் கூரை பறந்த வருஷம்
இவள் அடுப்பில்தான் மூன்று வாரம் சாப்பிட்டோம்."
கூரையெல்லாம் வேண்டாம் என்றார் அவர்.
எழுது என்றாள்.
எழுதினார்.

துலிசிலே கூரைவரைக்கும் படித்தாள்.
ஒரு தடவை கண்ணாடி வழியே எங்களைப் பார்த்தாள்.
முத்திரை விழுந்தது.

கடைசிக் கேள்வி: பிள்ளைகள்?
டின்னுக்குள் கை போய் அடியைத் தடவியது.
"ஒண்ணு. ஏழு மாசம்."
அதற்குத் திரையில் கட்டம் இல்லை.
துலிசிலே சற்று நேரம் விரலைத் தூக்கி வைத்திருந்து
பூச்சியம் தட்டினாள்.

பெயரைத் திருத்த வேண்டுமென்றால்
தனிப் படிவம், ஆறு மாதம் ஆகும்,
பணம் அதுவரை நிற்காது, பயமில்லை என்றாள்.
நான் பேனாவைத் தேடினேன்.
அங்கம்மா என் கையைப் பிடித்து அமர்த்தினாள்.
"அப்படியே கெடக்கட்டும்."

வெளியே வெயில் ஏறியிருந்தது.
கோம்பி நிறையும்வரை வாயே திறக்கவில்லை.
கிளம்பியதும் என் விலாவில் இடித்தாள்:
"அந்தக் கெழவன் திரும்பினான் பாத்தியா!"
மேடு ஏறி முடியும்வரை சிரித்தாள்,
மடியில் டின் கடகடவென்று ஆட.